சேறும் தொல்குடியும்: தெலோம் ஆறு முதல் அசேக் கழிமுகம் வரை

‘கோலா’ என்னும் மலாய்ச் சொல், ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ சென்று விழும் இடத்தைக் குறிப்பது. அதனையே தமிழில் இடத்திற்கேற்பக் கூடல் என்றும் கழிமுகம் என்றும் வழங்குகிறோம். கோலாலம்பூர் என்ற பெயரின் பிற்பாதியாகிய ‘லும்பூர்’ சேற்றைக் குறிக்கும். எனவே, நாட்டின் தலைநகர் சேற்றுக்கூடல் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. கேமரன் மலையின் வடபால், தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் நடுவே அமைந்த கோலா தெர்லாவும் இவ்வாறு பெயர் பெற்ற ஊரே. தெர்லா என்னும் சிற்றாறு தெலோம் ஆற்றோடு கூடுமிடம் அது.

ஆறு விரைந்து ஓடும்வரையில் மண்ணைச் சுமந்து செல்லும். விரைவு குன்றிய இடத்தில் அதனை இறக்கி வைக்கும். துறைமுகம், கழிமுகம், ஏரி, அணைக்கட்டு ஆகிய யாவும் நீர் விரைவு குன்றும் இடங்கள். ஆதலின் மனிதன் கப்பல் நிறுத்தவும் நீரைத் தேக்கவும் தேர்ந்துகொண்ட இடங்களெல்லாம் சேறு தங்கும் இடங்களாகவே இருந்தன. இவ்வுண்மையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே நேரிற் கண்டவர்கள்.

பாண்டியரின் கொற்கைத் துறையை எடுத்துக்கொள்வோம். முத்துக் குளிப்பிற்குப் பெயர்பெற்ற இத்துறையைப் ‘பெரிப்புளுஸ்’ என்னும் கிரேக்க நூலும், தாலமியின் நிலநூலும் குறிப்பிடுகின்றன. தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப் போயிற்று, துறை தூர்ந்தது. வணிகர் காயலுக்குப் பெயர்ந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து வியந்தது அந்தக் காயலையே. பின்னர்க் காயலும் தூர்ந்தது, தூத்துக்குடி தலையெடுத்தது. கால்டுவெல் பாதிரியார் தமது திருநெல்வேலி வரலாற்றில் இம்மாற்றத்தை விளக்கியுள்ளார். இன்று கொற்கைக்குச் செல்பவர் கடலைக் காணமாட்டார். வயலையும் குளத்தையுமே காண்பார்.

துறை தூர்ந்தால் பெயர்ந்து சென்ற தமிழர், ஏரி தூர்ந்தால் அவ்வாறு பெயர இயலவில்லை. நிலம் ஏரியைச் சார்ந்திருந்தது. ஆகவே தூர் வாருதல் ஊரின் பொதுக் கடமையாயிற்று. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்றையும் கூறுகின்றன. ஏரியில் ஓடம் விட்டுத் தூர் எடுப்பதற்கென்றே அறக்கட்டளை வைத்த செய்திகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. எடுத்த வண்டலை வயலுக்கு எருவாக இட்டனர். குடிமராமத்து என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற ஏற்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த வாரியங்களில் எல்லாக் குடியினருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். நிலமும் கல்வியும் உடையவரே குடவோலைக்கு உரியவர். வாரியத்தார் ஒருபுறம் இருக்க, சேற்றில் இறங்கியவர் வேறொருபுறம் இருந்தனர். சோழர் ஆட்சியின் சிறப்பைப் பேசும் நூல்கள் இதை விரைந்து கடந்துவிடுகின்றன.

பழங்காலத்துச் சேற்றுக்கும் இக்காலத்துச் சேற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கொற்கையின் சேறு வெறும் மண். ஏரியின் வண்டலோ எரு. தொழிற்சாலைகள் தோன்றியபின் துறைகளில் படியும் சேறு நஞ்சு ஏறிய சேறு. பாதரசம், காட்மியம் முதலிய உலோகங்களும், டையாக்சின், ஃபியூரான் முதலிய இரசாயனங்களும் நீரில் எளிதிற் கரைந்து போவதில்லை. நுண்ணிய களிமண் துகளையும் மக்கிய இலைதழையையும் பற்றிக்கொண்டு அடியில் தங்குகின்றன. மேலே நீர் தெளிந்திருக்கும். கீழே நஞ்சு கிடக்கும். அச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது புழுவுக்கும், புழுவை உண்ணும் மீனுக்கும், மீனை உண்ணும் மனிதனுக்கும் ஏறுகிறது. திருக்குறளில் ‘அளறு’ என்ற சொல் நரகத்துக்குப் பெயராக வருகிறது. அச்சொல்லின் முதற்பொருள் சேறு என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்வதுண்டு.

இத்தகைய சேற்றை எடுப்பதற்குப் பொறியியலார் கண்ட முதற்பெரும் பாடம் ஜப்பானிலுள்ள மினமாட்டா விரிகுடா. சிஸ்ஸோ கம்பெனியின் ஆலை 1932 முதல் 1968 வரை கழிவுநீரோடு பாதரசத்தையும் அவ்விரிகுடாவில் விட்டது. 1956ஆம் ஆண்டு மே முதல் நாள் மினமாட்டா நோய் அரசு முறையில் அறியப்பட்டது. 1977இல் தொடங்கி 1990 வரை, ஏறத்தாழ 15 இலட்சம் கன மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்து, கரையோரத்தில் அணைகட்டி அடைத்து, மேலே மண்ணிட்டு மூடி, 58 ஹெக்டேர் புதுநிலம் ஆக்கினர். நஞ்சேறிய மீன் வெளியே செல்லாதபடி விரிகுடாவின் வாயிலில் 1974இல் கட்டிய வலை 1997இல்தான் அகற்றப்பட்டது. சேறு எடுக்கும் வேலை அங்கே செவ்வனே நடந்தது. ஆனால் நோய் அறியப்பட்டு இருபத்தோராண்டு கழிந்தபின் தொடங்கியது. அதற்குள் மீனவக் குடும்பங்கள் பட்ட பாடு தனி வரலாறு.

மினமாட்டாவில் நஞ்சு என்ன, அதை எப்படி எடுப்பது என்பவையே பெருங்கேள்விகளாக இருந்தன. அக்கரையின் உரிமை யாருடையது, எடுத்த சேற்றை எங்கே வைப்பது, வைக்கும் இடத்தை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்விகள் முன்னே வந்து நின்ற ஓரிடம் கனடா நாட்டில் இருக்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

கனடாவின் கீழ்க்கரையில் நோவா ஸ்கோஷியா என்னும் மாநிலம் உள்ளது. அங்குப் பன்னெடுங்காலமாக வாழும் தொல்குடி மிக்மாக் மக்கள். பிக்டு லாண்டிங் என்ற அவர்களுடைய சிற்றூரை ஒட்டி, கடல் ஏறியிறங்கும் ஒரு கழிமுகம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் போட் ஹார்பர், அதாவது படகுத்துறை என்று பெயர். மிக்மாக் மொழியில் அதனை ‘அசேக்’ என்பர். ‘மற்றோர் அறை’ என்பது அதன் பொருள் என விளக்குகின்றனர். வீட்டின் ஓர் அறைபோல அவ்வூரார் அந்நீரைப் புழங்கினர். புயலுக்கு ஒதுங்கினர், மீனும் சிப்பியும் விலாங்கும் எடுத்தனர், கரையில் மூலிகை பறித்தனர், பிள்ளைகள் நீந்தினர்.

1960-களின் நடுவில் ஸ்காட் பேப்பர் என்ற கம்பெனி அருகிலுள்ள அபர்குரோம்பி முனையில் காகிதக் கூழ் ஆலை ஒன்றை அமைக்க முன்வந்தது. வேலைவாய்ப்பை விரும்பிய மாநில அரசு, ஆலையின் கழிவுநீரை ஏற்றுச் சுத்தம் செய்யும் பொறுப்பைத் தானே சுமந்துகொண்டது. கழிவை விடுவதற்கு அரசு கண்ட இடம் அசேக். 1965இல் மிக்மாக் தலைவரையும் ஆலோசகர் ஒருவரையும் அண்டை மாநிலத்திலுள்ள செயின்ட் ஜான் நகருக்கு அழைத்துச் சென்று, ஒரு கழிவுநீர் நிலையத்தைக் காட்டினர். அங்கே நீர் தெளிவாக இருந்தது. உடன் சென்ற அதிகாரி அந்நீரை அள்ளிக் குடித்துக் காட்டினார் என்பது பிக்டு லாண்டிங் மக்கள் இன்றும் சொல்லும் செய்தி. காட்டப்பட்ட நிலையமோ கூழாலையின் கழிவைக் கையாண்ட நிலையமே அன்று. இதை அறியாத அவ்விருவரும் ஒப்பமிட்டனர். மீன்பிடியும் வேட்டையும் இழப்பதற்கு ஈடாக அளிக்கப்பட்ட தொகை 60,000 டாலர்.

1967இல் ஆலை ஓடத் தொடங்கியது. சில நாட்களிலேயே மீன்கள் செத்து மிதந்தன, நீர் கறுத்தது, நாற்றம் வீடுகளுக்குள் ஏறியது. கடலோடு இருந்த தொடர்பு தடுக்கப்பட்டதால், ஏறியிறங்கும் கழிமுகம் தேங்கிய குட்டையாயிற்று. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் அதில் பாய்ந்தது. காற்றூட்டிச் சுத்தம் செய்யும் குளம் பின்னர்தான், 1972இல், அமைந்தது. ஆலை கைமாறிக்கொண்டே வந்தது. மூடுவதாகச் சொன்ன தவணைகளும் தள்ளிப் போயின. மத்திய அரசு தன் காவற்கடமையில் தவறியதற்காக 1993இல் 35 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பணம் வந்தது, கழிவும் வந்துகொண்டே இருந்தது.

இந்த இடத்தில் அவ்வூர்ப் பெண்களைப் பற்றிக் கூற வேண்டும். நோய்கள் ஏன் மிகுகின்றன என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், அளவுகள் வரம்பிற்குள் உள்ளன என்ற விடையே கிடைத்தது. ஆகவே பிக்டு லாண்டிங் பெண்கள் சங்கத்தார், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரைத் துணைக்கு அழைத்துத் தாமே ஓர் ஆய்வைத் தொடங்கினர். எதை ஆராய்வது, யாரிடம் கேட்பது, முடிவை யாருக்கு முதலில் சொல்வது என்பவற்றை அப்பெண்களே வகுத்தனர். நீர், மண், காற்று, காட்டுணவு ஆகியவற்றைச் சோதிப்பதோடு, முதியோரின் நினைவுகளையும் பதிவு செய்தனர். கழிவு வருமுன் கரை எவ்வாறு இருந்தது, எந்த மாதத்தில் எந்த மீன் வரும் என்பன எந்த அரசாங்கக் கோப்பிலும் இல்லாதவை. கழிமுகத்தைப் பழைய நிலைக்குக் கொணர வேண்டுமாயின், பழைய நிலை எது என்று சொல்லவல்லவர் அம்முதியோரே.

மிக்மாக் முதியவரான ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் ‘இருகண் பார்வை’ என்று பொருள்படும் ஒரு சொல்லை அறிஞரிடையே வழங்கச் செய்தார். ஒரு கண்ணால் தொல்குடி அறிவையும் மறு கண்ணால் மேல்நாட்டு விஞ்ஞானத்தையும் கண்டு, இரு கண்களாலும் ஒருங்கே பார்ப்பது என்பது அவர் கருத்து. இதனை அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்வாரும் உளர். சேறு எடுக்கும் வேலையில் இதன் பயன் நேரடியானது. எங்கே சேறு ஆழமாகப் படிந்துள்ளது என்பதைக் கருவி காட்டும். அவ்விடம் முன்பு சிப்பித் திட்டாக இருந்ததா, ஓடையாக இருந்ததா என்பதைக் கருவி காட்டாது.

2014ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலையின் கழிவுக்குழாய் உடைந்தது. ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் லிட்டர் சுத்தம் செய்யப்படாத கழிவு, மிக்மாக் முன்னோரின் இடுகாட்டருகே கொட்டியது. ஊரார் சாலையை மறித்து நின்றனர்; குழாயைச் செப்பனிட விடவில்லை. அரசு பேச்சுக்கு வந்தது. மூடும் நாளைச் சட்டமாகவே எழுதித் தர வேண்டும் என்று ஊரார் கேட்டனர். முன்பு கேட்ட வாய்மொழிகளின் பயனை அவர்கள் அறிந்திருந்தனர். 2015 மே மாதத்தில் போட் ஹார்பர் சட்டம் நிறைவேறியது. 2020 ஜனவரி 31க்குப் பின் அசேக்கில் ஒரு துளிக் கழிவும் விடலாகாது என்பது அதன் சாரம். குழாய் உடைந்ததற்காக ஆலைக்கு 2016இல் விதிக்கப்பட்ட அபராதம் 2,25,000 டாலர்.

நாள் நெருங்கியபோது ஆலை மேலும் காலம் கேட்டது. ஆலையில் சுமார் 300 பேரும், மரம் வெட்டுதல், ஏற்றுதல் முதலிய தொழில்களில் ஆயிரக்கணக்கானோரும் பிழைத்து வந்தனர். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. தோட்டம் மூடப்பட்டால் லயத்து வாழ்வு என்னாகும் என்பதை அறிந்த எவரும் அதை எள்ளி நகையாடார். 2019 டிசம்பர் 20ஆம் நாள், மாநில முதல்வர் ஸ்டீபன் மக்நீல் காலநீட்டிப்பு இல்லை என்று அறிவித்தார். ஐம்பதாண்டுகளாகத் தவணை சொல்லப்பட்ட ஊரார், தலைவி ஆண்ட்ரியா பாலுடன் அன்று மகிழ்ந்தனர். சில கல் தொலைவில் தொழிலாளர் குடும்பங்கள் கலங்கின. இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

பின்பு தொடங்கியது சேற்றின் கணக்கு. நீர்க்குளங்களிலும் கழிமுகத்திலுமாகப் பத்து இலட்சம் கன மீட்டருக்குக் குறையாத சேறு இருப்பதாக மதிப்பிட்டனர். அதில் டையாக்சினும் ஃபியூரானும் காட்மியமும் துத்தநாகமும் பாதரசமும் கலந்துள்ளன. வெட்டி எடுப்பதா, உறிஞ்சி எடுப்பதா என்று முதலில் ஒரு சிறு குடாவில் சோதித்துப் பார்த்தனர். உறிஞ்சிய சேற்றைக் கெட்டியான நார்த்துணிப் பைகளில் அடைத்தால், நீர் வடிந்து மண்ணும் நஞ்சும் உள்ளே தங்கும். வடிந்த நீரைத் தனியே சுத்தம் செய்யலாம். இறுதியில் கடலைத் தடுத்து நிற்கும் அணையை நீக்கிப் பாலம் அமைத்து, ஏற்றவற்றம் மீண்டும் உள்ளே வரச் செய்வது திட்டத்தின் முடிவு.

பையில் அடைத்த சேற்றை எங்கே வைப்பது என்பதில்தான் முரண்பாடு எழுந்தது. கழிமுகத்தின் அருகிலேயே ஏற்கெனவே இருந்த சேற்றுக் குழியைப் பெரிதாக்கி அதில் நிலையாக வைப்பது அரசுத் திட்டம். செலவு குறைவு, நஞ்சை லாரிகளில் சாலைவழி கொண்டுபோகும் இடரும் இல்லை. பொறியியற் கண்ணுக்கு இது நியாயமாகவே தோன்றும். ஊராரோ, நஞ்சு நீரிலிருந்து கரைக்கு ஏறியதே தவிர ஊரைவிட்டுப் போகவில்லையே என்றனர். ‘மற்றோர் அறை’யைச் சுத்தம் செய்து குப்பையைத் திண்ணையில் குவிப்பதை எந்த வீட்டார் ஒப்புவர்?

இதைக் கண்டு, கூட்டுமுயற்சி முறிந்தது என்று சிலர் எழுதினர். அது சரியான கணிப்பாகத் தோன்றவில்லை. தமிழில் ‘பங்காளி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பங்குடையவன் பங்காளி. குடும்பச் சொத்தில் உரிமை உள்ளவனே பங்காளி. உரிமை இருப்பதால்தான் பங்காளிச் சண்டையும் உண்டு. கூலிக்கு வந்தவன் பாகப்பிரிவினையில் வாய் திறக்க மாட்டான். 1965இல் மிக்மாக் தலைவரை வண்டியில் ஏற்றிச் சென்று தெளிந்த நீரைக் காட்டியபோது சண்டை எழவில்லை. இப்போது குழி எங்கே என்று வழக்காடுவது, அவர்கள் பங்காளிகளாகிவிட்டனர் என்பதற்கு அடையாளம்.

இதற்கு மாறானதொரு காட்சியைச் சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கண்டோம். கொசஸ்தலையாற்றின் முகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்து வருவதை மீனவர் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கழிமுகத்தில் பரவியது. அதை அள்ள மீனவரே இறக்கப்பட்டனர். முதல் நாட்களில் தக்க கையுறையும் காலணியும் இன்றி வாளியாலும் குவளையாலும் அவர்கள் எண்ணெயை அள்ளிய படங்கள் நாளேடுகளில் வந்தன. உள்ளூரார் அங்கே சேர்க்கப்பட்டார்கள் என்பது உண்மை. எந்த நிலையில் சேர்க்கப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி.

இனிக் கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக இப்பக்கம் வந்தார் என்றும், 1925இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்தபின் மலைவாச நகரம் அமைக்கும் எண்ணம் உருக்கொண்டது என்றும், 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்றும், 1931இல் தாப்பாவிலிருந்து சாலை திறந்தது என்றும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கின்றனர். காடு திருத்தித் தேயிலை நட்டவருள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர் என்பதையும் நாம் பெருமையோடு சொல்கிறோம். இவற்றைச் சொல்லும்போது, ஆளில்லா மலையில் வந்து குடியேறியது போன்ற ஒரு தோற்றம் பிள்ளைகள் மனத்தில் படிகிறது. தெலோம், பெர்த்தாம், லெமோய் ஆற்றங்கரைகளில் செமாய் மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்தனர். அவர்களைச் ‘சக்காய்’ என்று இழித்துக் கூறும் வழக்கு மற்றவரிடம் இருந்ததுபோல் நம்மவரிடமும் இருந்தது. ஓராங் அஸ்லி, அதாவது தொல்குடி மக்கள் என்ற மதிப்புப் பெயர் பின்னர் வந்தது.

1958இல் உலக வங்கி, மத்திய மின்சார வாரியத்துக்குக் கேமரன் மலை நீர்மின் திட்டத்திற்காக 35.6 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் அளித்தது. விடுதலை பெற்ற மலாயாவின் முதற்பெருந் திட்டங்களுள் இஃதொன்று. 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபுபக்கார் அணை எழுந்தது. உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். கொள்ளளவு சுமார் 63 இலட்சம் கன மீட்டர். தெலோம் ஆற்றின் நீரை மலையைக் குடைந்த சுரங்கவழி ஹாபுவுக்குக் கொணர்ந்து பெர்த்தாமோடு சேர்த்து, ரிங்லெட்டில் தேக்கி, மற்றொரு சுரங்கவழி பேராக் மாநிலத்திலுள்ள ஜோருக்கு இறக்கி மின்சாரம் எடுக்கின்றனர். பகாங் ஆற்றோடு சேர்ந்து கீழ்க்கடலுக்குப் போக வேண்டிய நீர், இவ்வாறு திசைமாறி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பொறியியல் வகையில் வியக்கத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை.

அணையின் அடியில் சேறு தங்குவதற்கென ஒதுக்கிய இடம் சுமார் எண்பதாண்டுகளுக்குப் போதும் என்று கணக்கிட்டிருந்தனர். கணக்கு பொய்த்தது. மேட்டு நிலத்தில் காடு அழிந்து காய்கறிப் பண்ணையும் பூப்பண்ணையும் கட்டடமும் பெருகின. முதிர்ந்த தேயிலைச் செடி நிலத்தைக் குடைபோல் மூடி மண்ணைக் காக்கும். இளந்தேயிலை நடும் ஆண்டுகளில் மட்டும் நிலம் திறந்து கிடக்கும். காய்கறிப் பாத்தியோ ஆண்டில் பலமுறை கொத்தப்படுவது. பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைமேல் விழும் மழை நிலத்தில் ஊறாமல் ஒருங்கே வழிந்து சரிவை அறுக்கிறது. மண்ணோடு பூச்சிமருந்தும் கோழி எருவும் ஆற்றில் இறங்குகின்றன. அரை நூற்றாண்டுக்குள் ரிங்லெட் தேக்கத்தின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியைச் சேறு பிடித்துக்கொண்டது. கோலா தெர்லாவைச் சூழ்ந்த சரிவுகளிலிருந்து கழன்ற மண்ணும் சுரங்கவழியே அங்குதான் சென்று சேர்ந்தது.

சேறு நிறைந்த தேக்கம் பெருமழையைத் தாங்காது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவு கழிந்த நேரத்தில் அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ரிங்லெட் வட்டாரத்தில் சேற்று வெள்ளம் மீண்டும் உயிர் குடித்தது. அதன்பின் அனுமதியின்றி மலை வெட்டுவோர்மீது நடவடிக்கை மும்முரமாயிற்று. தூர் வாரும் பணியும் பெரிதாயிற்று. 2016இல் பெர்த்தாம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சூசு என்னுமிடத்தில் இரண்டாவது அணையோடு 372 மெகாவாட் நிலையம் ஒன்றும் இயங்கத் தொடங்கியது.

இத்தனை நடவடிக்கைகளுள் செமாய் மக்களின் இடம் எது? 1954ஆம் ஆண்டின் தொல்குடியினர் சட்டம் அவசரகாலத்தில் பிறந்தது. காட்டிலுள்ள மக்களைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரித்து வைப்பதே அன்றைய அரசின் பெருங்கவலை. நிலத்தை எடுக்கும்போது அவர்களுடைய ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கட்டளை அச்சட்டத்தில் இல்லை. மரத்துக்கும் பயிருக்கும் ஈடு தரப்படும். நிலத்துக்குத் தருவது அரசின் விருப்பம். நாற்பதாண்டு கடந்தபின்பே நீதிமன்றம் வேறு பாதை காட்டியது. ஜோகூரில் லிங்கியூ அணைக்காக நிலமிழந்த ஜக்கூன் மக்கள் தொடுத்த ஆடோங் குவாவ் வழக்கில், 1997இல் உயர்நீதிமன்றம் அவர்களுடைய மரபு நில உரிமையை ஏற்று, 26.5 மில்லியன் ரிங்கிட் ஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. 2002இல் சிலாங்கூர்த் தெமுவான் மக்களின் சாகோங் தாசி வழக்கு அவ்வுரிமையை நிலத்தின்மீதான உடைமையாகவே விரித்துரைத்தது. இவ்விரு தீர்ப்புகளும் நிலத்தைப் பற்றியவை. ஆற்றில் இறங்கிய சேற்றைப் பற்றி, அதை எடுப்பது எப்போது, கொட்டுவது எங்கே என்பதைப் பற்றி, அவை பேசவில்லை.

மலையில் சமதரை அரிது. தேக்கத்திலிருந்து வாரிய சேற்றைக் கொட்ட ஏதேனும் ஒரு பள்ளத்தாக்கு வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓர் ஓடை உண்டு. செமாய் ஊர்களுக்குக் குடிநீர் பெரும்பாலும் அத்தகைய ஓடைகளிலிருந்தே குழாய்வழி இறங்குகிறது. எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எது மழையில் முதலில் கலங்கும், எந்த மடுவில் எந்த மீன் முட்டையிடும் என்பவற்றை அங்குள்ள முதியோர் அறிவர். பிக்டு லாண்டிங் பெண்கள் செய்ததுபோல் அவ்வறிவைப் பதிவு செய்வது பெரும் பொருட்செலவு பிடிக்கும் வேலையன்று. கேமரன் மலைத் தோட்டப் பள்ளிகளில் உள்ளூர் வரலாறு எழுதும் பிள்ளைகள், ரஸ்ஸலோடும் மாக்ஸ்வெல்லோடும் நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த பள்ளத்தாக்கின் செமாய் முதியோரிடம் சென்று ஆற்றின் பழைய பெயர்களைக் கேட்டெழுதலாம். அப்பெயர்கள் பல, மீனையும் கல்லையும் மரத்தையும் வைத்து இட்ட பெயர்களாதலின், பழைய ஆறு எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கும்.

கோலா தெர்லாவில் தெலோம் நீரால் இயங்கும் சிறு மின் நிலையம் ஒன்று உண்டு. அதன் ஆற்றல் அரை மெகாவாட். மழை மாதங்களில் அங்கு வரும் நீர் பால் கலந்த தேநீரின் நிறமாக இருக்கும். அந்நீர் சுரங்கத்துள் நுழைந்து ஹாபுவில் வெளிவந்து, ரிங்லெட்டில் தன் சுமையை இறக்கிவிட்டு, தெளிந்த பின் பேராக்குக்குப் போகிறது. மின்சாரம் நாடெங்கும் செல்கிறது. அணை நிரம்பித் திறக்கப்படும் நாட்களில் சேறு கலந்த மிகுநீர் மட்டும் பழைய வழியே, செமாய் ஊர்கள் இருக்கும் பெர்த்தாம் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது.